வரைவது விளையாட்டா, வைத்தியமா?

‘மனசு சரியில்லைன்னா டாக்டரைப் பார்க்கணும், படம் வரைஞ்சா தீருமா?’ கலைச் சிகிச்சை என்றதுமே இந்தக் கேள்வி வந்து விழுகிறது. டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. வரைவதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

‘எனக்கு ஒரு கோடுகூட நேரா வராதே’ என்பார்கள். அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், தாள் வெட்டி ஒட்டினார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது. முன்பழக்கம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. சிறிய ஆய்வுதான்; ஆனாலும் திறமை வேண்டும் என்ற பயத்துக்கு அதில் இடமில்லை.

‘வாய்விட்டுப் பேசினாலே பாரம் இறங்கிடும்’ என்பது அடுத்தது. பேச வராதவர் என்ன செய்வார்? வாஷிங்டன் அருகே வால்டர் ரீட் ராணுவ மருத்துவ மையத்தில், போரில் தலையில் அடிபட்டும் மனம் நொறுங்கியும் திரும்பிய வீரர்களிடம் வெற்று முகமூடிகளைக் கொடுத்தார்கள். சிலர் மண்டையோடும் ரத்தமும் தீட்டினார்கள். சிலர் தேசியக் கொடி. பல முகமூடிகளில் வாய் தைக்கப்பட்டிருந்தது, பூட்டப்பட்டிருந்தது, அல்லது வாயே இல்லை. ‘என்னால் சொல்ல முடியவில்லை’ என்பதையே அவர்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். முகமூடி கையில் வந்தபிறகு, அதைக் காட்டிப் பேச முடிகிறது.

‘ஆதாரம் எங்கே?’ நியாயமான கேள்வி. மனச்சிதைவு நோயாளிகள் 417 பேரிடம் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனை 2012இல் வெளியானது. குழுவாக அளித்த கலைச் சிகிச்சையால் கூடுதல் பலன் தெரியவில்லை. வந்து கலந்துகொண்டவர்களும் குறைவு. இதை மறைக்கக் கூடாது. ஒரு நோய்க்கு, ஒரு முறையில் பலிக்கவில்லை என்பதே அதன் பொருள். மாத்திரையை நிறுத்திவிட்டு வண்ணத்தைப் பிடி என்று எவராவது சொன்னால், அவரை நம்பாதீர்கள்.

‘கலரிங் புக் வாங்கிக் கொடுத்தாப் போதாதா?’ மனம் லேசாக அது போதும், சிகிச்சைக்குப் போதாது. பிரிட்டனில் பதிவு பெறாதவர் ‘கலைச் சிகிச்சையாளர்’ என்று போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். குழந்தை கறுப்பைத் தீட்டினால் நாம் உடனே ‘ஏதோ சோகம்’ என்று முடிவுகட்டுகிறோம். பயிற்சி பெற்றவர் அப்படிச் செய்வதில்லை. ‘இதைப் பத்திச் சொல்றியா?’ என்று கேட்டுவிட்டு, குழந்தை வாய் திறக்கும்வரை பொறுத்திருக்கிறார்.