கதிரைக்குக் கணக்கு உண்டு, முதுகுக்கு இல்லை

திருகோணமலை நகரிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்து பாருங்கள். தொழுகை வரிசைகளின் ஓரங்களில் பிளாஸ்டிக் கதிரைகள் போடப்பட்டிருக்கும். ஒரு காலத்தில் அவை வயோதிபர்களுக்கு மட்டும் உரியவையாக இருந்தன. இன்று அவற்றில் அமர்ந்து தொழுபவர்களில் நாற்பதுகளின் நடுவில் இருப்பவர்களையும் காண முடிகிறது. விசாரித்தால், "நாரி பிடிச்சிருக்கு", "டிஸ்க் விலகியிருக்கு என்று டொக்டர் சொன்னார்" என்று பதில் வரும். இவர்கள் எல்லோரும் வலை இழுப்பவர்களோ மூட்டை சுமப்பவர்களோ அல்லர். பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருப்பவர், வங்கியின் கருமபீடத்தில் இருப்பவர், தனியார் நிறுவனமொன்றில் கணக்கெழுதுபவர் ஆகியோரும் இவர்களில் உண்டு. காலை எட்டரைக்கு அமர்ந்து மாலை நாலேகாலுக்கு எழும்புபவர்கள்.

உட்கார்ந்து செய்யும் வேலை சுகமான வேலை என்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. "நிழலில் இருந்து உழைக்கிறான்" என்று பெருமையாகச் சொல்வோம். வெயிலில் உழைத்த தகப்பன் மகனை மேசைக்கு அனுப்பிவைத்ததே அதற்காகத்தான். ஆகவே மேசைக்குப் போனவன் முதுகு வலிக்கிறது என்று சொன்னால் அனுதாபம் கிடைப்பதில்லை. கேலிதான் கிடைக்கிறது.

துறைமுகத்தைச் சுற்றிய மாவட்டம் நமது. மாவாலை, சீமெந்துத் தொழிற்சாலை, அஷ்ரஃப் இறங்குதுறை, சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் என்று உடலுழைப்பு கண்ணுக்குத் தெரியும் இடங்கள் இங்கே அதிகம். 50 கிலோ சீமெந்து மூட்டையைத் தோளில் ஏற்றும் மனிதனின் முதுகில் என்ன நடக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மூட்டை எப்போது வந்தது, எந்த லொறியில் போனது என்று கணினியில் பதிந்துகொண்டிருப்பவரின் கழுத்தில் நடப்பது அப்படித் தெரிவதில்லை. திரை தாழ்வாக இருந்தால் தலை முன்னால் சாய்கிறது. நான்கைந்து கிலோ நிறையுள்ள தலையை மணிக்கணக்கில் கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். கதிரை உயரமாக இருந்தால் கால் தரையில் ஊன்றாமல் தொங்குகிறது, தொடையின் அடிப்பகுதி அழுத்தப்படுகிறது. தாழ்வாக இருந்தால் தோள்கள் மேலே தூக்கப்படுகின்றன. இவற்றில் எதுவும் ஒரு நாளில் யாரையும் வீழ்த்துவதில்லை. பத்துப் பதினைந்து வருடங்களில் வீழ்த்துகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. தொழில்சார் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமசினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தர்களின் நோய்களைத் தனியாக ஆராய்ந்தார். தொடர்ந்து அமர்ந்திருப்பது, கையை ஒரே விதமாக ஓயாமல் அசைப்பது, பிழை விடக்கூடாதே என்ற மன அழுத்தம் ஆகிய மூன்றையும் அவர் காரணங்களாகக் காட்டினார். அன்று இறகுப் பேனா, இன்று மவுஸ்.

மனிதனுக்கேற்ப வேலையையும் கருவியையும் அமைக்கும் இந்தத் துறையைத் தமிழில் பணிச்சூழலியல் என்கிறோம். பெயர்தான் கடினம். நமது ஓடாவிமார் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்த விடயம் இது. தோணி கட்டும் ஓடாவி, அதில் அமரப் போகிறவர் துடுப்பு வலிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்துத்தான் குறுக்குப் பலகையை வைப்பார். அலுவலகத்துக்குக் கதிரை வாங்குபவர் அதில் யார் அமரப் போகிறார் என்று பார்ப்பதில்லை. குறைந்த விலையைப் பார்க்கிறார்.

சட்டம் எங்கே நிற்கிறது? வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934இல் வந்தது. தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் 1942இல் வந்தது. அதே வருடம் ஏப்ரல் 9ஆம் திகதிதான் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கின. அந்தக் காலத்தில் வேலைத்தள ஆபத்து என்றால் இயந்திரத்தில் சிக்கிய கை, மேலிருந்து விழுந்த பாரம். நட்டஈட்டுச் சட்டத்தின் அடிப்படைச் சிந்தனையும் அதுவே: விபத்துக்கு ஒரு திகதி இருக்கும், ஒரு நேரம் இருக்கும், பார்த்த சாட்சி இருக்கும். 2022இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது வேலைக்குப் போகவர நேரும் விபத்துகளும் உள்வாங்கப்பட்டன, நட்டஈட்டின் உச்ச வரம்பும் உயர்த்தப்பட்டது. நல்ல விடயம். ஆனால் பதினைந்து வருடங்களாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்த கழுத்து வலிக்கு எந்தத் திகதியைப் படிவத்தில் எழுதுவது? 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்துக்கு எல்லை வைத்தது. அந்த எட்டு மணித்தியாலத்தையும் ஒருவர் கணினித் திரையைப் பார்த்தபடி கழிக்கும் காலம் வரும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது. தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒரு தேசிய நிறுவகம் உருவாக்கப்பட்டது. எல்லா வேலைத்தளங்களையும் உள்ளடக்கும் புதிய சட்டம் ஒன்று பற்றிய பேச்சு மட்டும் வருடக்கணக்காகப் பேச்சாகவே இருக்கிறது. இதற்கிடையில் சர்வதேச தொழில் அமைப்பு 2022 ஜூனில், பாதுகாப்பானதும் ஆரோக்கியமானதுமான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. ஐரோப்பாவில் கணினித் திரை முன் வேலை செய்பவர்களுக்கான தனிப் பணிப்புரை 1990இலேயே வந்தது.

எல்லா இடத்திலும் இது இலகுவாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு நவம்பரில் கொண்டுவரப்பட்ட பணிச்சூழலியல் விதிகளை, நான்கே மாதங்களில் அந்நாட்டுக் காங்கிரஸ் ரத்துச் செய்தது. செலவு அதிகம் என்பது முதலாளிகளின் வாதம். நமது நாட்டிலும் யாராவது இதைப் பேசினால் முதலில் எழும் வாதம் இதுவாகத்தான் இருக்கும். பொருளாதாரம் விழுந்து எழும்பிய நாட்டில் கதிரையைப் பற்றிப் பேசுகிறீர்களா என்று கேட்பார்கள்.

சரி, செலவையே பேசுவோம். ஒருவரின் மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,20,000 ரூபா. வலியால் அவர் நாளொன்றுக்கு 20 நிமிடம் வேலை செய்ய முடியாமல் போகிறது என்று எடுத்துக்கொண்டால், எட்டு மணித்தியாலத்தில் அது 24இல் ஒரு பங்கு. வருடத்துக்கு 30,000 ரூபா. இதற்கு மேல் ஆறு நாள் லீவு போட்டால் இன்னுமொரு 16,000 ரூபா. ஆக, ஒருவரால் ஒரு வருடத்தில் இழக்கப்படுவது 46,000 ரூபா. இது நானே போட்ட ஓர் உத்தேசக் கணக்குத்தான். உங்கள் அலுவலகத்தின் உண்மையான தொகைகளைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள். பிறகு, ஐந்து வருடம் உழைக்கக்கூடிய நல்ல கதிரை ஒன்றின் விலையை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இந்த இழப்பு ஏன் எவருடைய கண்ணிலும் படுவதில்லை? ஏனென்றால் அது எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படுவதில்லை. தனியார் துறையில் கடை, அலுவலக ஊழியருக்குச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் சமயோசித விடுமுறையும் உண்டு. முதுகு வலிக்காக எடுக்கும் லீவும் அந்த ஏழு நாளுக்குள்தான் போகிறது. பதிவேட்டில் "சொந்தத் தேவை". வைத்தியருக்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கும் போகும் பணம் குடும்பத்தின் கையிலிருந்து போகிறது. நிறுவனத்தின் கணக்கில் இதில் ஒரு சதமும் இல்லை. கதிரையின் விலை மட்டும் இருக்கிறது. அரச அலுவலகத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. ஒவ்வொரு கதிரைக்கும் பின்னால் வெள்ளைப் பெயின்றில் ஓர் இலக்கம். வருட முடிவில் பொருட்கணக்கெடுப்புக்கு வருபவர்கள் ஒன்றுவிடாமல் எண்ணுவார்கள். ஒரு கால் முறிந்ததையும், உயர்த்தினால் தானாக இறங்கிவிடுவதையும் கழித்துவிட அனுமதி வரும்வரை விறாந்தையில் அடுக்கிவைப்பார்கள். கதிரை இருக்கிறதா என்பதே கேள்வி, இருக்கத் தக்கதா என்பதல்ல.

2020இல் ஐம்பதாயிரம் அளவிலான பட்டதாரிகள் நாடெங்கும் அரச சேவையில் பயிலுநர்களாக இணைக்கப்பட்டபோது, அலுவலகங்களில் ஆட்கள் கூடிய வேகத்தில் மேசைகள் கூடவில்லை. வந்தவர்கள் மேசை ஓரங்களிலும், கிடைத்த பிளாஸ்டிக் கதிரைகளிலும் அமர்ந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். நமது அலுவலக மேசைகளின் உயரம் சராசரி ஆணுக்கானது. அதற்கு ஈடுகொடுக்கக் கதிரையை உயர்த்தினால் பெண்களின் கால் தரைக்கு எட்டாது. காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்தால் முடியும் காரியம். கேட்க வெட்கம், கேட்டாலும் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்ற பதில். சில்லுக் கதிரையின் சில்லில் அபாயாவின் ஓரம் சிக்குவதையும் ஆண்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நமது வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் ஒரு மேசை எங்கே வைக்கப்படும் என்பதை மின்விசிறிதான் தீர்மானிக்கிறது. அடுத்தது பிளக் இருக்கும் சுவர். இவ்விரண்டுக்கும் பிறகுதான் மனிதன். யன்னலுக்கு எதிரே திரை இருந்தால் காலை வெயில் அதில் பட்டுக் கண்ணைப் பறிக்கும். அதைத் தவிர்க்க ஒருவர் உடலை ஒரு பக்கம் திருப்பி அமர்வார், வருடக்கணக்கில் அப்படியே அமர்வார். மேசையை யன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்ப ஐந்து நிமிடமும், மின்கம்பியை நீட்ட ஒரு தொழிலாளியும் போதும்.

முதுகு வலி உலகளாவிய சுமை என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு தொகையே போதும்: 2020இல் 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியுடன் இருந்தனர். மனிதரை இயங்க முடியாமல் ஆக்கும் காரணங்களில் உலகில் முதலிடம் அதற்குத்தான். இவை எல்லாமே கதிரையால் வந்தவை அல்ல. உடல் எடை, புகைத்தல், மனஅழுத்தம், மோசமான வீதியில் நாளாந்த மோட்டார் சைக்கிள் பயணம் எல்லாம் பங்களிக்கின்றன. அதனால்தான் விலையுயர்ந்த கதிரை வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற விளம்பரத்தையும் நான் நம்பவில்லை. மிகச் சிறந்த கதிரையிலும் நான்கு மணித்தியாலம் அசையாமல் இருந்தால் உடல் அதற்குரிய விலையைக் கேட்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. ளுஹர் தொழுகைக்கு எழுந்து போகும் ஊழியரை "இவர் அடிக்கடி எழும்பிப் போகிறார்" என்று முறைத்துப் பார்க்கும் மேலதிகாரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதேபோல, திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தக் கடதாசிப் பெட்டி ஒன்று போதும். மடிக்கணினியில் நாள் முழுக்க வேலை செய்பவருக்குத் தனியான விசைப்பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தால் கழுத்தும் தோளும் தப்பும். நாரிக்குப் பின்னால் சுருட்டிய துவாய் ஒன்று, பல கதிரைகளின் குறையைத் தற்காலிகமாகவேனும் ஈடுசெய்யும். நிர்வாகத்திடமிருந்து தேவைப்படுவது பெரும்பாலும் அனுமதியே, பணம் இரண்டாவது.

இங்கே அரசாங்கத்தை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போக முடியாது. திருகோணமலை நகரின் துணிக்கடைகளில் கணிசமானவை எமது சமூகத்தவருடையவை. அங்கே வேலை செய்யும் பெண் பிள்ளைகளின் பிரச்சினை நேர் எதிரானது, அவர்களுக்கு அமரவே இடமில்லை. காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் இதற்காக வருடக்கணக்கில் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டு அமரும் உரிமை கிடைத்தது. 2021இல் தமிழ்நாடும் அதே வழியில் சட்டம் இயற்றியது. நமது கடை முதலாளிமார் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அமர ஒரு ஸ்டூல் வைத்தால் வியாபாரம் குறைந்துவிடாது. முதலாளி மாத்திரம் மெத்தைக் கதிரையில் இருந்துகொண்டு, எட்டு மணித்தியாலம் நிற்பவள் சாய்ந்து நின்றாலே சோம்பல் என்று ஏசுவது எந்த அளவுகோலிலும் நியாயமாகாது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2022 ஜனவரியில் சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்கள் பற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்தன. குதங்கள் எத்தனை, யாருக்கு எத்தனை வீதம் என்று நாம் நிறையவே விவாதித்துவிட்டோம். அத்திட்டம் நடைமுறைக்கு வந்தால் இம்மாவட்டத்து இளைஞர்களுக்குக் கிடைக்கப் போகும் வேலைகளில் பெரும்பகுதி மூட்டை தூக்கும் வேலையாக இராது. கட்டுப்பாட்டறையிலும் கணக்குப் பிரிவிலும் திரைக்கு முன்னால் இருக்கும் வேலையாக இருக்கும். 2025 பெப்ரவரியில் தொடங்கிய கவ்பே போன்ற அரச டிஜிட்டல் சேவைகளும் வரிசையில் நிற்கும் பொதுமகனின் காலுக்கு ஓய்வு தருகின்றன. கருமபீடத்துக்கு அப்பால் இருப்பவரின் திரை நேரமோ கூடிக்கொண்டே போகிறது. புதிய கட்டடங்களின் வரைபடம் போடும்போதே யன்னல், பிளக், மேசை உயரம் ஆகியவற்றைச் சரிசெய்துவிடலாம். கட்டிய பிறகு திருத்துவதுதான் செலவு.

2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் கிண்ணியா நகர சபைக்கும் மூதூர் பிரதேச சபைக்கும் ஏனைய சபைகளுக்கும் உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஒவ்வொரு வருட இறுதியிலும் பாதீடு அவர்கள் முன் வரும், அதில் தளபாடத்துக்கு ஒரு தொகை இருக்கும். அந்த வரியில் நிறுத்தி, உயரம் மாற்றக்கூடிய கதிரையா, நாரிக்குத் தாங்கல் உண்டா, வாங்குவதற்கு முன் அதில் அமரப் போகும் ஊழியர் ஒருவரையாவது இருத்திப் பார்த்தீர்களா என்று ஓர் உறுப்பினர் கேட்கலாம். கேள்விப்பத்திரத்தில் இந்த மூன்றையும் நிபந்தனையாக எழுத எவருடைய அனுமதியும் கொழும்பிலிருந்து வர வேண்டியதில்லை.