நீலியின் கண்ணீரும் நிலவறைக் கதவும்

"எட்கர் அலன் போ கதைகளில் பெண்களைச் சாகடித்தே பெயர் வாங்கியவர். அவரிடம் பெண்களுக்கு வாசிக்க என்ன இருக்கிறது?" கொழும்பு வெள்ளவத்தையில் நாலு பேர் கூடி இலக்கியம் கதைத்தால் இப்படியொரு குரல் எழுகிறது. அந்தக் குரலுக்குள் மூன்று வாதங்கள் உள்ளன.

முதலாவது, போவின் பெண்கள் வெறும் அழகிய பிணங்கள் என்பது. அழகியொருத்தியின் சாவே கவிதைக்கு மிகச் சிறந்த பொருள் என்று 1846 இல் அவரே எழுதினார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதைகள் அந்தக் கொள்கைக்கு அடங்கவில்லை. 'லிஜியா' கதையில் (1838) இறந்துபோன லிஜியா இன்னொருத்தியின் உடலில் எழுந்து வருகிறாள். அஷர் வீட்டின் கதையில் (1839) உயிரோடு நிலவறையில் மூடப்பட்ட மடலின், இரத்தக்கறை படிந்த உடையோடு வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே அவள் அசைந்த சத்தம் சகோதரனுக்குப் பல நாட்களாகக் கேட்டிருக்கிறது. அவன் வாய் திறக்கவில்லை. கதை விசாரிப்பது அந்த மௌனத்தை.

இரண்டாவது, பெண்கள் போவை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை என்பது. 1849 இல் அவர் இறந்ததும் ரூபஸ் கிரிஸ்வோல்ட் என்ற பதிப்பாசிரியர் அவர் பெயரைக் கெடுத்து எழுதினார். 1860 இல் அதற்கு ஒரு நூலாகவே பதில் சொன்னவர் சாரா ஹெலன் விட்மன் என்ற கவிஞர். போவோடு பேசிய கலியாணம் குழம்பிப்போனவர் அவர். ஆனாலும் எழுத்தை எழுத்தாகவே எடைபோட்டார். 1892 இல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையில், மடலினைப் போல அறைக்குள் முடக்கப்பட்டவளையே கதைசொல்லியாக்கினார்.

மூன்றாவது, இது நமக்கு ஒட்டாத மேல்நாட்டுச் சரக்கு என்பது. அப்படியானால் நம் பழங்கதையில் வரும் பழையனூர் நீலி யார்? தன்னைக் கொன்ற கணவனை மறுபிறவியிலும் அவன் மனைவியின் வேடத்தில் தேடிவந்து, ஊரவை முன் அழுது வழக்குரைத்தவள். அவள் வேடம் பொய், கொலை பொய்யல்ல. நாமோ 'நீலிக் கண்ணீர்' என்று பொய்யழுகைக்குப் பெயர் வைத்தோம். திரும்பி வந்தவளின் முறைப்பாட்டைக் கேளாமல் பேயை மட்டும் பார்ப்பது நமது பழைய வாசிப்புப் பழக்கம். போவையும் அப்படியே வாசிக்கிறோம்.

1983 ஆடியில், தமிழருக்கெதிரான வன்செயல்களின்போது, கொழும்பில் அயல்வீட்டு அறைகளுக்குள் மூச்சடக்கி ஒளிந்திருந்த பெண்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்றும் இருக்கிறார்கள். கதவு திறந்து உள்ளே எடுத்தவர்களையும் அவர்களுக்குத் தெரியும், கேட்டும் கேளாததுபோல் இருந்தவர்களையும் தெரியும். அஷர் வீட்டில் குற்றவாளி யாரென்று அவர்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.