நஷ்டஈடும் இன்ஷூரன்ஸ் தாவாவும்

வேலை செய்யுமிடத்தில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தால் அவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டென்பதை நம் அங்கத்தினர் பலரும் அறிவர். அத்தொகை கைக்கு வருமுன் எழும் தாவாக்களை அறிந்தோர் சிலரே. "பாலிசி இருக்கிறது, கம்பெனியைக் கேளுங்கள்" என்பார் முதலாளி. "இறந்தவர் பெயர் பதிவேட்டில் இல்லை, அவருக்குப் பிரீமியம் கட்டப்படவில்லை" என்பர் இன்ஷூரன்ஸ் கம்பெனியார். இருவருக்குமிடையே வழியறியாது நிற்பவள் இறந்தவரின் மனைவி.

சட்டத்தின் கருத்து இதுவன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பொறுப்பை முதலாளி மீதே சுமத்தியது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்பொறுப்பு மாறவில்லை. பாலிசி என்பது அச்சுமையைத் தாங்க முதலாளி தேடிக்கொள்ளும் துணையேயன்றி, அவருக்கு விடுதலைச் சீட்டு ஆகாது. விபத்து நேர்ந்த நாளிலேயே நஷ்டஈடு கொடுபட வேண்டிய கடனாகிவிடுகிறது என்று 1975இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தால் 12 சதவிகித வட்டியும், தக்க காரணமில்லையேல் தொகையில் பாதி வரை அபராதமும் சேரும். வாகன இன்ஷூரன்ஸ் பற்றிய வழக்கொன்றில், வட்டி கம்பெனியைச் சாரும், அபராதம் முதலாளியையே சாரும் என்று 1997இல் அக்கோர்ட் வரையறுத்தது. ஆகவே, "கம்பெனி கொடுக்கட்டும்" என்று காத்திருப்பவர் தம் பணத்தையே இழக்கிறார்.

இத்தாவாக்களிற் பல பதிவேட்டிலேயே பிறக்கின்றன. தணிக்கைக்குச் செல்லும் சில சங்கங்களில், நூல் பேல்களையும் பருத்தி மூட்டைகளையும் ஏற்றியிறக்குவோரின் பெயர்கள் எங்கும் காணப்படுவதில்லை. "ஏற்றுகூலி" என்று மொத்தத் தொகை மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. வேறு சிலவற்றில் பிரீமியத்தைக் குறைப்பதற்காகக் கூலி குறைத்துக் காட்டப்படுகிறது. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, மாதம் 12,000 ரூபாய் பெற்ற 40 வயதுத் தொழிலாளி இறந்தால், கூலியில் பாதியை 184.17ஆல் பெருக்க, 11,05,020 ரூபாய் வரும். ஏட்டில் 6,000 என்றிருந்தாலோ 5,52,510 ரூபாய்தான். மீதியைப் பெற அக்குடும்பம் சாட்சி தேடி அலைய வேண்டும்.

சிறு சங்கங்களுக்குப் பிரீமியம் பாரமே என்பர் சிலர். உண்மைதான். ஆயினும் பாலிசியின்றி ஒரு மரணம் நேருமாயின், அப்பாரம் சங்கத்தின் நிதியையே அழித்துவிடும். மேலும், கூட்டுறவுச் சங்கத்தில் முதலாளி யார்? அங்கத்தினராகிய நாமேயன்றோ! தனி முதலாளியிடம் நாம் கண்டிக்கும் குற்றத்தை நம் சங்கம் செய்தல் தகுமா?

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே அங்கத்தினர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டறிதல் வேண்டும். தினக்கூலிக்கு வருவோர் உட்பட அனைவர் பெயரும் ஏட்டில் உளவா? உண்மைக் கூலி எழுதப்படுகிறதா? பாலிசி அவர்கள் அனைவரையும் உட்கொண்டுள்ளதா? விபத்து நேர்ந்துவிட்டாலோ, குடும்பத்தாரிடம் சிறு தொகை கொடுத்துக் கையொப்பம் வாங்குவது செல்லாது. முழுத் தொகையையும் உரிய அதிகாரியிடம் முதலில் கட்டிவிட வேண்டும். கம்பெனியோடு வழக்காடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வழக்கு நடத்தச் சங்கத்துக்கு அவகாசம் உண்டு. உழைப்பவரை இழந்த வீட்டின் அடுப்புக்கு அவகாசம் இல்லை.