மே மாதத்தைத் தாங்கும் ரோஜா

ஐரோப்பியத் தோட்டப் புத்தகங்கள் ஒரு கொடி ரோஜாவை 'எதையும் தாங்கும்' என்று புகழ்ந்தால், அது பனியைப் பற்றிய பேச்சு. டெல்லியிலோ நாக்பூரிலோ அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. இங்கே பரீட்சை மே மாதத்தில்: 45 டிகிரி வெயில், கூடவே அனல்காற்று. குளிரில் தூங்கி எழுந்தால்தான் பூப்பேன் என்று அடம்பிடிக்கும் ரகங்கள் நம் சமவெளியில் வெறும் இலையாக வளர்ந்து ஏமாற்றும்.

நமக்கு ஏற்றது டீ ரோஜா வம்சம். அதன் மூதாதைகளில் ஒன்று நம் ஊர்க்காரர்தான். மணிப்பூர் மலைகளிலும் பர்மாவிலும் சீனாவின் யுனானிலும் மரமேறி வளரும் 'ரோசா ஜைகான்டியா'. உள்ளங்கை அகலப் பூ. 1882இல் மணிப்பூரில் இதைக் கண்டவர் ஜார்ஜ் வாட். அதற்கு முன்பே சீனத் தோட்டங்கள் வழியாக இதன் ரத்தம் ஐரோப்பா போய்விட்டது. 1864இல் பிரான்சில் வந்த மஞ்சள் கொடி ரோஜா 'மார்ஷல் நீல்' அந்த வம்சம்தான். அதன் பூ தலைகுனிந்து தொங்கும்; ஜாடிக்கு உதவாது, போர்டிகோ மேல் ஏற்றினால் அழகு. கொடைக்கானலில் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.எஸ். வீரராகவன் இதே காட்டு ரோஜாவைக் கொண்டு வெப்பப் பகுதிகளுக்கான ரகங்களை உருவாக்கினார். பெருமைப்படவேண்டிய வேலை, நர்சரிக்காரர்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

வட இந்தியாவில் நடவு அக்டோபரில். இரண்டடிக் குழி, மக்கிய எரு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடுங்கள். மேற்குப் பார்த்த சுவர் வேண்டவே வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டை அது ராத்திரியெல்லாம் செடி மேல் கக்கும்.

உண்மையான ஆபத்து வெயில் அல்ல, கத்தரிக்கோல். அக்டோபரில் மாலி வந்து புதர் ரோஜாக்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார். அதே வேகத்தில் கொடியையும் வெட்டினால் அந்த வருஷப் பூ போச்சு. கொடி ரோஜா பெரும்பாலும் பழைய தண்டின் பக்கக் கிளைகளில்தான் பூக்கும். புதர் ரகத்திலிருந்து கிளைத்த கொடியாக இருந்தால், ஒட்ட வெட்டியதும் மறுபடி புதராகவே திரும்பிவிடவும் கூடும். முதல் இரண்டு வருஷம் காய்ந்த குச்சியைத் தவிர எதையும் தொடவிடாதீர்கள். பிறகு பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு, மூன்று கணு விட்டு வெட்டலாம்.

தண்டைச் செங்குத்தாக விட்டால் உச்சியில் நாலு பூ, அதையும் மாடிவீட்டுக்காரர்தான் பார்ப்பார். தளிராக வளைகிற பருவத்திலேயே படுக்கைவசமாகச் சணலால் கட்டுங்கள். நுனி மொட்டின் ஆதிக்கம் போய், கணுவுக்குக் கணு துளிர்க்கும். கம்பி வேண்டாம், பட்டையை அறுக்கும்.

மேயில் உரமும் வேண்டாம், கவாத்தும் வேண்டாம். இலைதான் தண்டுக்குக் குடை. வாரம் இரண்டு, மூன்று தரம் காலையில் வேர் நனைய ஆழமாகத் தண்ணீர், அடியில் சருகு மூடாக்கு. ஒட்டுக்குக் கீழிருந்து வேறு நிற இலையோடு ஒரு கிளை விறுவிறுவென்று கிளம்பினால் மகிழ வேண்டாம். அது அடிச்செடி, வேரோடு பிய்த்தெறியுங்கள்.