தணலும் தண்ணீரும்

சித்திரப் படம் என்றாலே அது சிறுவர்களுக்கு உரியது என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். பூனையும் எலியும் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பார்க்க எம்.எஸ்ஸி. மாணவர்க்கு நேரம் ஏது என்று கேட்கிறோம். ஆனால் 2023-ஆம் ஆண்டு பிக்ஸார் நிறுவனத்தார் வெளியிட்ட ‘எலிமெண்டல்’ என்னும் சித்திரப் படம், நம் வீட்டுப் பெரியவர்களும் சங்கத் தலைவர்களும் வாய் திறக்கத் தயங்கும் ஒரு பொருளைத் துணிந்து பேசுகிறது. இனம் விட்டு இனம் மணக்கலாமா? பெற்றோர் பட்ட பாட்டுக்குப் பிள்ளைகள் எதைக் கொடுத்துக் கடன் தீர்ப்பது? இவை இரண்டும் நம் வீடுகளில் எழாத கேள்விகள் அல்ல. எழுந்தவுடன் அமுக்கப்படுகின்ற கேள்விகள்.

படத்தின் கதை எளியது. நீரும் நிலமும் காற்றும் நெருப்பும் மக்களாக நடமாடும் ஒரு மாநகரம். அங்கே நெருப்பு மக்கள் கடைசியாக வந்தவர்கள். புயலில் எல்லாம் இழந்த ஒரு கணவனும் மனைவியும் தாய்நாட்டை விட்டுக் கப்பலேறி வருகிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. இடிந்து கிடந்த ஒரு கட்டடத்தைச் செப்பனிட்டுக் கடை வைக்கிறார்கள். அதைச் சுற்றி நெருப்பு மக்களின் பேட்டை ஒன்று எழுகிறது. அவர்களுடைய ஒரே மகள் எம்பர். அப்பெயருக்குத் தணல் என்பது பொருள். கடை அவளுக்கே என்று தந்தை முடிவு கட்டியிருக்கிறார். நெருப்பைத்தான் மணக்க வேண்டும் என்று சாகும் தறுவாயில் பாட்டி சொல்லிப் போயிருக்கிறாள். அவளோ, கடையைச் சோதிக்க வந்த வேட் என்னும் நீர் இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள்!

தாராவித் தமிழர்க்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து, சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடிசை போட்டவர்கள் நம் முன்னோர். 1966-இல் சிவசேனை தோன்றிய பின்னர், தென்னாட்டார் வேலையைப் பறிக்க வந்தவர்கள் என்ற கூச்சலைக் கேட்டவர்களும் அவர்களே. இப்படத்தை இயக்கிய பீட்டர் சோன் என்பாரும் குடியேறியவர் மகன்தான். கொரியாவிலிருந்து அமெரிக்கா சென்ற அவர் தந்தை, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் மளிகைக் கடை நடத்தியவர். கொரியப் பெண்ணையே கட்ட வேண்டும் என்று அவருடைய பாட்டியும் சொல்லிப் போனாராம். பேரன் மணந்ததோ கொரியர் அல்லாத பெண்ணை. ஆகவே இது வெறுங்கற்பனை அன்று; வாழ்ந்து பார்த்தவர் வரைந்தது.

எனினும், விஞ்ஞானம் படிப்பவள் என்ற முறையில் எனக்கு இப்படத்தின் மீது ஒரு வழக்கு உண்டு. நெருப்புக்கும் நீருக்கும் உள்ள பகை இயற்கைப் பகை. நீர் பட்டால் நெருப்பு அணையும். நெருப்பு பட்டால் நீர் ஆவியாகும். அவர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மனிதக் கூட்டங்களை இப்படி வேறு வேறு பொருள்களாக வரைந்து காட்டினால், பார்க்கின்ற குழந்தை என்ன நினைக்கும்? பிறப்பிலேயே நாம் வேறு, அவர்கள் வேறு என்றல்லவா நினைக்கும்? நம் நாட்டில் சாதியைக் காப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவதும் அதுதானே!

உண்மை என்ன? நீரும் நெருப்புமேகூட ஜென்மப் பகைவர்கள் அல்லர். ஹைட்ரஜன் காற்றில் எரிந்தால் கிடைப்பது நீர். நீர் தனிமம் அன்று, கூட்டுப்பொருள் என்று 1783-இல் லவாய்சியர் அறிவித்தார். ஹைட்ரஜன் என்ற சொல்லுக்கே ‘நீரை ஈனுவது’ என்று பொருள். நெருப்பின் வயிற்றில் பிறந்த பிள்ளை நீர்! உலகம் என்பதே ஐம்பூதங்களின் கலப்பு என்று நம் தொல்காப்பியமும் கூறுகிறது. மனிதரிடையே உள்ள வேற்றுமைக்கு இந்த அளவு ஆதாரமேனும் உண்டா? 1901-இல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிட்டார். இன்று மருத்துவமனையில் உயிருக்குப் போராடுபவருக்கு ஏ, பி, ஓ என்ற வகையைத்தான் பார்க்கிறார்கள். குலம், கோத்திரம் பார்ப்பதில்லை. சாகக் கிடக்கும்போது பிறர் இரத்தம் ஆகும். வாழப் போகும்போது பிறர் உறவு ஆகாது! இது என்ன நியாயம்?

சற்றே நம் மும்பையைப் பாருங்கள். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே ஓடுவது ஓர் இரயில் பாதை. இரு பக்கமும் தமிழ் பேசுகிறோம். இரு பக்கமும் இட்டிலி வேகிறது. ஆனால் பாதையைக் கடந்து ஒரு பெண் வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்றால் அது பல நாள் பேச்சாகிவிடுகிறது. மாட்டுங்கா வரை போவானேன்? தாராவிக்கு உள்ளேயே ஒரே சந்தில் குடியிருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள், பெண் பார்க்க மட்டும் ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள சொந்த ஊருக்கு இரயில் ஏறுகிறார்கள். பம்பாயில் பிறந்த பிள்ளைக்கு ஊர்ப் பெயரே சரியாகத் தெரியாது. ஊர்க்கட்டு மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்த மாநகரில்தான் டாக்டர் அம்பேத்கர் வாழ்ந்தார். மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் அவருடைய இராஜகிருகம் இன்றும் நிற்கிறது. லாகூரில் பேசுவதற்கென அவர் எழுதி, பேச இடம் மறுக்கப்பட்டு, 1936-இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், கூடி உண்பதோடு நில்லாமல் கலந்து மணப்பதே சாதிக்கு உண்மையான மருந்து என்று எடுத்துக்காட்டினார். பின்னர் 1948-இல் அவரே சாதி கடந்து மணந்தார். மருந்துச் சீட்டு எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. மருந்தை நாம் உட்கொண்டோமா? 2011-12-இல் நாடு முழுவதும் நடந்த மனித மேம்பாட்டு ஆய்வில், நூற்றுக்கு ஐந்து திருமணங்கள்தாம் சாதி கடந்தவை என்று தெரிய வந்தது.

இனிக் கடன் என்னும் கேள்விக்கு வருவோம். பெற்றோரைப் பழிப்பது என் நோக்கம் அன்று. என் தந்தை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இட்டிலிக் கூடை சுமந்துதான் என்னை ஆய்வுக்கூடம் வரை அனுப்பினார். அந்தத் தோள் காய்ப்புக்கு நான் எதைக் கொடுத்தாலும் ஈடாகாது. படத்தில் எம்பரும் அப்படித்தான் கலங்குகிறாள். தந்தையின் கனவான கடையை ஏற்பதே கடன் தீர்க்கும் வழி என்று தன் விருப்பத்தைப் புதைக்கிறாள். முடிவில் தந்தை சொல்கிறார்: கடை என் கனவாக இருந்ததே இல்லை, நீதான் என் கனவு என்று. கண்ணாடித் தொழில் கற்க அவள் புறப்படும்போது தரையில் விழுந்து வணங்குகிறாள். தந்தையும் விழுந்து மறு வணக்கம் செய்கிறார். தாய்நாட்டை விட்டுக் கிளம்பியபோது அவர் வணங்கியதற்கு அவருடைய தந்தை மறு வணக்கம் செய்யவில்லை. பெற்ற மனத்தின் ஆறாத புண் ஒன்று அங்கே ஆறுகிறது.

நம் பெற்றோரும் ஒரு காலத்தில் ஊரை மீறியவர்களே என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரிலேயே கிட, கிடைத்ததைத் தின் என்று சொன்னதைக் கேட்டிருந்தால் அவர்கள் தாதரில் வந்து இறங்கியிருப்பார்களா? மீறி வந்ததன் பயன்தான் நம் படிப்பு. நமக்குத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்றுதான் அவர்கள் உழைத்தார்கள். அந்த உரிமையைத் திரும்பக் கொண்டுபோய் அவர்கள் காலடியிலேயே வைத்துவிடுவது கடன் தீர்ப்பது ஆகாது. அவர்கள் உழைப்பை வீணாக்குவதே ஆகும்.

படத்துத் தந்தை மனம் மாறினார். எல்லாத் தந்தையரும் மாறுவார்களா என்று கேட்பீர்கள். மாறாத ஊர் என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். சாதி கடந்து மணந்த சங்கர் என்னும் பொறியியல் மாணவர், 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், மனைவியின் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். வயது வந்த இருவர் இசைந்து மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. சட்டம் நம் பக்கம் நிற்கிறது, சந்துதான் நிற்கவில்லை.

சட்டத்திலும் ஒரு முள் உண்டு. மதம் கடந்து மணக்க விரும்புவோர் நாடும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் காண ஒட்டப்படும். மணமக்களுள் ஒருவரது நிலையான குடியிருப்பு வேறு மாவட்டம் என்றால் அங்கேயும் ஒரு நகல் போகும். நம்மைப் போல் குடிபெயர்ந்தவர்க்கு அந்த நகல் எங்கே போய்ச் சேரும், யார் கண்ணில் படும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே தோழர்களே, மாணவர் கடமை கைதட்டுவதோடு முடிவதில்லை. அச்சட்டப்படி மணம் பதிவாக மூன்று சாட்சிகள் வேண்டும். நம் நண்பர் ஒருவர் வந்து கேட்டால், எனக்கு ஏன் வம்பு என்று நழுவாமல் கையெழுத்திட நம்மில் மூவர் இருக்கிறோமா? அந்த முப்பது நாளும் அவர்கள் தங்க ஓர் இடமும், உடன் நடக்க ஒரு துணையும் தருவோமா? பிற சாதித் தோழரை விடுமுறை நாளில் நம் வீட்டுக்கு அழைத்து, அம்மா கையால் சோறு போடச் சொல்வோமா? வரன் பேச வருகிறவர் முதலில் எந்த ஆட்கள் என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு இங்கே பதில் கிடையாது என்று நாமே எழுந்து சொல்வோமா?

நெருப்புப் பெண்ணும் நீர் இளைஞனும் முதன்முதல் கை தொட்டபோது அழிந்துவிடுவோம் என்றுதான் அஞ்சினார்கள். ஆனால் தொட்டுப் பார்த்தார்கள். எழுந்தது ஆவி மட்டுமே, இருவரும் பிழைத்தார்கள். சோதித்துப் பாராமல் எதையும் ஏற்காதே என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதற்பாடம். இயற்கையே பிரித்து வைத்த இருவர் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். மனிதன் பிரித்து வைத்த நாம் மட்டும் அதை ஆய்வுக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு வீடு திரும்பலாமா?