மாடியில டிராகன் ஃப்ரூட்: வருமானம்னு நம்பி வைக்காதீங்க, வச்சா பூ பூக்குற ராத்திரியை விட்டுடாதீங்க!



சைட் இன்கம் பத்தி எந்த வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வருது. "சார், மொட்டை மாடியில பத்து டிராகன் ஃப்ரூட் செடி வச்சா மாசம் எவ்வளவு வரும்?" இதுக்கு என் பதிலை நேரா சொல்லிடறேன். வருமானத்துக்காக வைக்காதீங்க. ஆசைக்காக ரெண்டு செடி வைங்க. ஆனா வச்சா, கடைசி வரைக்கும் ஒழுங்கா செய்யுங்க. ஏன்னு விளக்கறேன்.

முதல்ல கணக்கு

ஒரு உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே சரிபாருங்க. ரெண்டு பெரிய டிரம், செடி ஏற ரெண்டு கம்பம், மேல படர ஒரு பழைய டயர், மண், உரம், ரெண்டு தண்டு எல்லாம் சேர்த்து ₹3,500 ஆகுதுன்னு வச்சுக்குவோம். தண்டு நட்டா முதல் காய் பார்க்க ஒன்றரை வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் ஆகும். (விதை போட்டா இன்னும் பல வருஷம். அதனால விதை வேண்டவே வேண்டாம்.) அதுக்கப்புறம் வருஷத்துக்கு 15 பழம், ஒவ்வொண்ணும் 300 கிராம்னா நாலரை கிலோ. கிலோ ₹150-ன்னா ₹675. போட்ட காசு திரும்ப காய்ப்பு ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். உங்க உழைப்புக்கு இதுல சம்பளமே போடலை!

அப்போ யூடியூப்ல லட்சக்கணக்குல சம்பாதிக்கிறதா சொல்றாங்களே? அவங்க எதை வித்து சம்பாதிக்கிறாங்கன்னு பாருங்க. பழமா, தண்டா? தண்டு வித்துதான்னா, அடுத்து வாங்குறவர் நீங்க. 2012-ல ஈரோடு பக்கம் ஈமு கோழி என்ன ஆச்சுன்னு வீட்ல பெரியவங்களைக் கேளுங்க. கறிக்குச் சந்தையே இல்லாம, குஞ்சு வாங்க ஆள் வந்துட்டே இருந்த வரைக்கும்தான் அது ஓடுச்சு. டிராகன் பழத்துக்கு நிஜமாவே சந்தை இருக்கு, அது வேற விஷயம். ஆனா "நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்"னு யாராவது சொன்னா, பர்சனல் லோன் ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியைக் கேட்டுடுங்க.

அஞ்சு செடி, ஆனா ஒரே செடி

நம்ம ஆளுங்க அதிகமா சறுக்குறது இங்கதான். நண்பர் வீட்ல ஒரு சிவப்பு ரகம் நல்லா இருக்குன்னு அதுல இருந்து அஞ்சு தண்டு வெட்டிட்டு வந்து நடுவாங்க. பார்க்க அஞ்சு செடி. ஆனா அஞ்சும் ஒரே தாயோட நகல். சிவப்புச் சதை ரகங்கள்ல நிறைய, தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது. அதனால அஞ்சு செடியும் ஒண்ணா பூத்தாலும் ஒரு காய்கூட நிக்காம போகலாம்.

இது எதை ஞாபகப்படுத்துது? நாலு லார்ஜ் கேப் ஃபண்டு வாங்கிட்டு "நான் டைவர்சிஃபை பண்ணிட்டேன்"னு சொல்றதைத்தான். உள்ளே திறந்து பார்த்தா நாலுலயும் பெரும்பாலும் அதே பங்குகள். எண்ணிக்கை கூடினா பரவல் கூடினதா அர்த்தமில்லை. மாடியிலயும் அப்படித்தான். அஞ்சு ஒரே ரகத்தைவிட, ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் மேல். வெள்ளைச் சதை ரகங்கள் பலதும் தன் மகரந்தத்துலயே காய்க்கும், பக்கத்து சிவப்புக்கும் கொடுக்கும்.

ஒரே ஒரு ராத்திரி

டிராகன் ஃப்ரூட் ஒரு கள்ளி. பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். அங்க வௌவாலும் ராத்திரி சுத்துற பெரிய அந்துப்பூச்சியும் மகரந்தம் சேர்க்கும். அதுக்கேத்த மாதிரி பூவும் சாயங்காலம் விரிய ஆரம்பிச்சு, ராத்திரி முழுசா மலர்ந்து, மறுநாள் காலையில வாடிடும். நம்ம அப்பார்ட்மென்ட் நாலாவது மாடிக்கு எந்த அந்துப்பூச்சி வரப்போகுது? காலையில தேனீ வந்தா கொஞ்சம் வேலை நடக்கும். ஆனா அதை நம்பி உட்கார முடியாது. நாமதான் செய்யணும்.

வேலை சுலபம். மொக்கு வந்து ரெண்டு மூணு வாரத்துல பூ விரியும். மொக்கு நல்லா உப்பி, நுனி வெளுத்தா அன்னிக்கு ராத்திரி தயாரா இருங்க. ஒன்பது, பத்து மணிக்கு மேல ஒரு மென்மையான பிரஷ்ஷும் ஒரு பேப்பர் கப்பும் எடுத்துட்டு மாடிக்குப் போங்க. பூவுக்குள்ள வட்டமா நிறைய மஞ்சள் தூள் இருக்கும். அதான் மகரந்தம். அதைக் கப்புல தட்டிச் சேர்த்து, நடுவுல நட்சத்திரம் மாதிரி விரல் விரலா நீட்டிட்டு இருக்கிற சூல்முடி மேல தாராளமா தடவுங்க. சிவப்போட தூளை வெள்ளைக்கும், வெள்ளையோடதை சிவப்புக்கும் மாத்தித் தடவுறது நல்லது. கஞ்சத்தனம் வேண்டாம். மகரந்தம் நிறைய சேர்ந்தா விதை நிறைய, விதை நிறைய இருந்தா பழம் பெருசு. மழை வர மாதிரி இருந்தா பூவை ஒரு கவர் போட்டு மூடிடுங்க.

ரெண்டு ரகமும் ஒரே நாள் பூக்கலையா? முதல்ல பூத்ததோட மகரந்தத்தை ஈரம் இல்லாம உலர்த்தி, சின்ன டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா சில நாள் தாங்கும்.

ஒரு வாரத்துல ரிசல்ட் தெரிஞ்சிடும். அடிப்பகுதி பச்சையா உப்பினா காய். மஞ்சளானா உதிர்ந்துடும். காய் நின்னா சுமார் 30-35 நாள்ல பழம். பறிச்ச பிறகு பெருசா இனிப்பு ஏறாது, அதனால தோல் முழுசா நிறம் மாறினதும் இன்னும் சில நாள் விட்டுப் பறிங்க.

இப்போ மேலே போட்ட கணக்குக்கு வாங்க. 15 பழம்னு சொன்னேன் இல்லையா? அது 15 பூவும் காயா நின்னாத்தான். அஞ்சுதான் நின்னா வருஷ வருமானம் ₹225. அந்த வித்தியாசம் முழுக்க பூவுக்கு அஞ்சு நிமிஷ வேலை, செலவு சுழியம். ரெண்டு வருஷம் தண்ணி ஊத்தினவங்க அன்னிக்கு ராத்திரி தூங்கிட்டா, அது பல வருஷம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிட்டு நாமினி பேரைப் போடாம விட்ட மாதிரி. பெரிய செலவை எல்லாம் செஞ்சிட்டு சின்ன வேலையில கோட்டை விடறது.

ஆடிட்டரா ரெண்டு வார்த்தை

"விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே, மாடித்தோட்டத்தைக் காட்டிக்கலாமா?"ன்னு கேக்குறீங்க. சட்டத்துல விவசாய வருமானம்ங்கிறது நிலத்தோட கட்டின வரையறை. ரெண்டு டிரம்மை வச்சு பெரிய தொகையைக் காட்டினா கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டியது நீங்க. அதோட விவசாய வருமானம் ₹5,000-ஐத் தாண்டினா ஐ.டி.ஆர்-1 போட முடியாது. உங்க மத்த வருமானம் வரி வரம்பைத் தாண்டியிருந்தா, வரி விகிதத்தைக் கணக்கிட இந்தத் தொகையும் உள்ளே வரும்.

இன்னொண்ணு. வாடகை வீடுன்னா ஓனரைக் கேட்டுட்டு வைங்க. ஈர மண்ணு நிறைஞ்ச டிரம் பயங்கர கனம். தூணுக்கும் சுவருக்கும் பக்கத்துல வைங்க, நடு மாடியில வேண்டாம். வீடு மாறும்போது டிரம்மைத் தூக்க வேண்டியதில்லை. ஒரு அடி தண்டு வெட்டி எடுத்துட்டுப் போங்க, புது வீட்லயும் வளரும்.

ஆக, இந்தச் செலவை "முதலீடு" பக்கத்துல எழுதாதீங்க. "சந்தோஷம்"னு ஒரு தலைப்பு போட்டு எழுதுங்க. எஸ்.ஐ.பி.-யில கை வைக்காம, ஒரு மாசம் வெளியில சாப்பிடற காசைக் குறைச்சு ஆரம்பிங்க. முதல் மொக்கு வந்ததும் மொபைல்ல ராத்திரி பத்து மணிக்கு அலாரம் வைங்க.