குப்புறக் கிடத்திய நேரத்திற்குச் சாட்சி யார்?

ஜலகண்டாபுரம், தாரமங்கலம், எடப்பாடி வட்டாரத்தில் விசைத்தறியில் கூலிக்கு நிற்பவருக்கும் சுமை தூக்குபவருக்கும் இடுப்புவலி தொழிலோடு சேர்ந்தே வருகிறது. வலி காலுக்கு இறங்கி நடையைப் பறிக்கும் நிலையில், கையில் பணமில்லாத தலித் குடும்பத்திற்கு இரண்டு வழிகளே உண்டு: ஒன்று அரசு மருத்துவமனை; மற்றொன்று முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை ஏற்கும் தனியார் மருத்துவமனை. அறுவை என்றதும் எல்லோரும் கத்தியையே அஞ்சுகிறோம். தண்டுவட அறுவையிலோ கத்தி படாத இடங்களிலும் உடல் சேதமுறக்கூடும். அந்தச் சேதத்தைப் பற்றி ஒப்புதல் கையெழுத்து வாங்கும்போது பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

இவ்வறுவைகளில் பெரும்பாலானவற்றுக்கு, மயக்கத்தில் ஆழ்த்திய பின் நோயாளியை நான்கைந்து பேர் சேர்ந்து குப்புறப் புரட்டிக் கிடத்துகிறார்கள். மார்பும் இடுப்பெலும்பும் உடலைத் தாங்க, வயிறு அழுந்தாமல் தொங்கலாக இருக்க வேண்டும். வயிறு அழுந்தினால் உள்ளேயுள்ள பெரிய சிரை நெருக்கப்பட்டு, தண்டுவடத்தைச் சுற்றிய சிரைகளில் இரத்தம் தேங்கும். அறுக்கும் இடத்தில் இரத்தப்போக்கு கூடும். கைகளை அளவுக்கு மீறி மேலே தூக்கி வைத்தால் தோளின் நரம்புப் பின்னல் இழுபடும். முழங்கையின் உட்புறத்திற்கு மெத்தை வைக்கத் தவறினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். விழித்திருப்பவர் என்றால் வலித்தவுடன் கையை நகர்த்திக்கொள்வார். மயக்கத்தில் கிடப்பவருக்கு அது இயலாது.

விரல் மரத்துப்போவதை மருத்துவக் குறிப்புகள் சிறு சிக்கலாகவே எழுதும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடுவதும் உண்மை. ஆனால் அறுந்த பாவு நூலை நொடியில் முடிந்து தறியை ஓட்ட வேண்டியவருக்கு அந்தச் சில மாதங்கள் என்பவை கூலியில்லாத மாதங்கள்.

கண்ணைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் பதிவேட்டில் இடம்பெற்ற, முதுகெலும்பு அறுவைக்குப் பின் பார்வை இழந்த 93 பேரின் விவரங்கள் 2006இல் வெளியாயின. அவர்களில் 83 பேருக்குப் பார்வை நரம்புக்குக் குருதி போதாமையே காரணமாகக் கண்டறியப்பட்டது. இந்த 83 பேரில் 96 விழுக்காட்டினர் ஒரு லிட்டரோ அதற்கு மேலோ இரத்தம் இழந்திருந்தனர், அல்லது ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ மயக்கத்தில் இருந்தனர். ஆகவே கண்ணின்மேல் அழுத்தம் படாமல் காப்பது மட்டும் போதாது. தலை இதயத்தின் மட்டத்திற்குக் கீழே தாழாதிருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கிடத்துகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். இது அரிதாக நேர்வதே. என்றாலும் நீண்ட அறுவைக்குச் செல்பவரிடம் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டிய அபாயம் இது.

அழுத்தப் புண்ணின் முதல் அடையாளம் தோல் சிவத்தல் என்றே பாடநூல்கள் கற்பித்து வந்தன. கறுத்த தோலில் அச்சிவப்பு எளிதில் தெரியாது. சூட்டையும் தடிப்பையும் தொட்டே அறிய வேண்டும். (தொட்டுப் பார்த்தல் என்பது நம் நாட்டில் மருத்துவத்தோடு மட்டும் முடிகிற விஷயமல்ல.) நோயாளியைப் புரட்டும் கைகளில் சில, மிகக் குறைந்த ஊதியம் பெறும் ஒப்பந்த ஊழியர்களுடையவை. தவறு நேர்ந்தால் பழியை அவர்கள்மேல் இறக்கிவிடுவது எளிது. ஆனால் கிடத்தும் முறைக்குப் பொறுப்பு அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவருமே.

சட்டம் என்ன சொல்கிறது? 1995இல் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்திற்குள் கொண்டுவந்தது. அதே தீர்ப்பு, எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு விலக்களித்தது. இலவசத்தையன்றி வேறு வழியில்லாதவர் எவரோ, அவருக்கே அந்தக் கதவு சாத்தப்பட்டது. இருந்தும் இரண்டு இடைவெளிகள் உள்ளன: கட்டணம் செலுத்துவோரும் இலவசமாகப் பெறுவோரும் சேர்ந்து சிகிச்சை பெறும் மருத்துவமனையில் இருசாராரும் நுகர்வோரே, காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்றாலும் அது கட்டணச் சேவையே. காப்பீட்டு அட்டையில் அறுவை செய்துகொண்டவர் இதைச் சுட்டி வாதிடலாம்.

1990இல் ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில் மார்புக் கட்டிக்கு அறுவை செய்யப்பட்ட பொறியியல் மாணவர் ஒருவர் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அங்கு சிக்கல் கிடத்திய முறையில் அன்று. உரிய ஒப்புதல் பெறாததும் நரம்பு அறுவை மருத்துவரை உடன் சேர்க்காததுமே குறைகளாகக் காணப்பட்டன. தம் வழக்கைத் தாமே வாதாடிய அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2009இல். படித்தவருக்கே 19 ஆண்டுகள்.

கிடத்திய முறை, கைகள் இருந்த நிலை, கண்களைச் சரிபார்த்த நேரம், இழந்த இரத்தத்தின் அளவு ஆகியவை மயக்க மருத்துவரின் பதிவேட்டில் இருக்க வேண்டும். மயக்கத்திலிருந்த நேரத்திற்கு நோயாளி சாட்சி சொல்ல முடியாது. அந்தத் தாள்தான் சாட்சி. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்திற்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டாண்டுகளே அவகாசம். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியும் உண்டு. ஆவணம் கைக்கு வந்தபின் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று பட்டியலின, பழங்குடி மக்கள் தயங்க வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவின்படி, வருமான வரம்பு ஏதுமின்றி அவர்களுக்கு இலவசச் சட்ட உதவி தருகிறது. அதற்கான மனுவைச் சேலத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுக்கலாம்.